நான் சொன்ன நாலாயிரம்

"லேபர் மட்டும் எவ்வளவு ஆகும்?" என்று அவர் கேட்டது மேஸ்திரியைப் பார்த்து. மேஸ்திரி அப்போது முகமூடியை இறக்கிவிட்டு, ஒரு கம்ப்ரசர் வண்டியின் கொக்கிக்கு டேக் அடித்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது நான்.

"நாலாயிரம் ஆகும் சார்."

அந்த நாலாயிரம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூவாயிரம் என்றால் குறைவாகப் பட்டது. ஐயாயிரம் என்றால் போய்விடுவாரோ என்று பயம். நடுவில் நின்றுவிட்டேன். மேஸ்திரி முகமூடியைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார், வந்தவரை ஒரு தடவை பார்த்தார், மறுபடி இறக்கிக்கொண்டார். வந்தவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வேலை இதுதான்: அவருடைய ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர் இழுக்கிற கொக்கி மாட்டி, டிரெய்லரின் விளக்குகளுக்கு ஒயரிங் இழுத்துக் கொடுக்க வேண்டும். சாமான் அவர் கணக்கு. கூலி எங்கள் கணக்கு, அதாவது என் வாய்க்கணக்கு.

இது நடந்தது 2023-ல். நான் ஐடிஐயில் ஒரு வருஷம் வெல்டர் டிரேடு முடித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு பட்டறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, கேட்டைத் தாண்டி நடந்தால் பட்டறை. 1964-ல் தொடங்கிய எஸ்டேட். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் லேத், அடுத்ததில் பிரஸ் ஷாப், அதற்கடுத்ததில் முலாம் பூசுகிற இடம். வாசனையை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். கூடப் படித்த பையன்கள் பாடிப் பக்கம் பெரிய கம்பெனிகளில் 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்து மாதம் 7,700 வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாள் கூலி 350, இரண்டு வேளை டீ. அவர்களுக்கு யூனிஃபார்ம், கேன்டீன். எனக்கு மேஸ்திரி.

எங்கள் பட்டறையின் பிழைப்பே இழுவைதான். ஆவடி, திருமுல்லைவாயில் பக்கம் கட்டடம் கட்டுகிறவர்களின் கான்கிரீட் மிக்சர், ரோடு வெட்டுகிறவர்களின் கம்ப்ரசர், சாயங்காலம் கரையான்சாவடியில் கடை போடுகிற ஃபாஸ்ட்ஃபுட் வண்டி என்று எதையாவது எதுவாவது இழுத்துக்கொண்டு வரும். அச்சு வளைந்திருக்கும், கொக்கி தேய்ந்திருக்கும். சில சமயம் செம்பரம்பாக்கம் பக்கம் ஷூட்டிங்குக்குப் போகிற கேரவன் வரும். எங்கள் ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வண்டி. அதில் குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வந்தவர் ஹூஸ்டனில் இருபது வருஷம் இருந்துவிட்டு, ரிடையராகி அயனம்பாக்கத்தில் வீடு வாங்கி வந்திருந்தார். பட்டறையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் ஹூஸ்டன் சார்தான். அங்கே அவரிடம் மோட்டார்ஹோம் ஒன்று இருந்ததாம். பஸ் அளவு வண்டி, உள்ளே கட்டில், சமையல்மேடை, கழிப்பறை எல்லாம் உண்டு. ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தித் தண்ணீர்க்குழாயும் கரண்டும் மாட்டிவிட்டால் அப்புறம் அதைக் கிளப்ப மனசு வராது. பால் பாக்கெட் வாங்க அத்தனை பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியுமா? அதனால் ஒரு சின்னக் காரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார்களாம். காரின் நாலு சக்கரமும் ரோட்டிலேயே உருளும், உள்ளே ஆள் கிடையாது. பெரிய லாஞ்சுக்குப் பின்னால் கயிற்றில் வருகிற சின்னப் படகு மாதிரி.

போனில் ஒரு பழைய பில்லைக் காட்டினார். காரின் முன்பக்கம் சேஸில் தகடு மாட்ட 5 மணி நேரம், விளக்கு ஒயரிங்குக்கு 2½, இழுக்கப்படுகிற காருக்கும் பிரேக் பிடிக்க ஒரு கருவி, அதற்கு 3½. மொத்தம் 11 மணி நேரம், மணிக்கு 140 டாலர். கூலி மட்டும் 1,540 டாலர். எங்கள் ஒயரிங் அண்ணன் வாயாலேயே பெருக்கி, "ஒண்ணேகால் லட்சம்!" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி தொகையைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி மணிக்கணக்கைத்தான் படித்தார். "பம்பரைக் கழட்டி மாட்டறத இந்த அஞ்சுல சேத்துக்கினாங்களா, தனியா சார்?" என்று கேட்டார். ஹூஸ்டன் சாருக்கே அது தெரியவில்லை.

அதே மாதிரி இங்கேயும் ஒரு வேனுக்குப் பின்னால் ஜீப்பைக் கட்டி இழுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் ஆசை. மேஸ்திரி உடனே முடியாது என்றுவிட்டார். நம் சாலை விதிப்படி ரிப்பேரான வண்டியையோ, பதிவு செய்த டிரெய்லரையோதான் இழுக்கலாம். வண்டியை இழுத்தால் இரண்டுக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின்னால் வருகிற வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

"அப்போ என் வீட்டம்மாவை ஜீப்புல உட்கார வெச்சு, 25-ல ஏற்காடு வரைக்கும் இழுத்துட்டுப் போகணும்ங்கறீங்க."

"அம்மா சம்மதிச்சா இழுங்க சார்."

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டியில் எண்ணெயைச் சுற்றவிடுகிற பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்க சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே எண்ணெய் ஏறாது, பல் தேய்ந்துபோகும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிற்கிற ரெக்கவரி வண்டிக்காரர்கள் போன் எடுத்ததும் "ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா?" என்று கேட்பது இதற்காகத்தான்.

கடைசியில் திட்டம் தலைகீழானது. ஜீப் இழுக்கும், கூடாரமும் அடுப்பும் ஏற்றிய சின்ன டிரெய்லர் பின்னால் வரும். டிரெய்லரை முறையாகப் பதிவு செய்தே வாங்கிக்கொள்கிறேன் என்றார். மேஸ்திரி அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்: சேஸில் புதிதாக ஓட்டை போட மாட்டேன், வெல்டிங் ராடு படாது, கம்பெனி விட்டிருக்கிற ஓட்டையில் போல்ட்டு போட்டுத்தான் மாட்டுவேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்று ஒன்று இருப்பதும், வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் அவருக்கு மனப்பாடம். வெல்டிங் பட்டறை வைத்துக்கொண்டு வெல்டு வைக்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. இத்தனை பேச்சும் முடிந்து அவர் திரும்பவும் கம்ப்ரசர் வண்டிக்குப் போன பிறகுதான் அந்த லேபர் கேள்வி வந்தது, நான் வாயைத் திறந்தேன்.

ஹூஸ்டன் சார் போனதும் மேஸ்திரி அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் கிரீஸ். ஒரு புதுப் பக்கத்தில் தேதி போட்டு, 'கூலி 4,000' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினார்.

"நீ சொன்ன ரேட்டு. நீயே செய். எந்த வேலைக்கு எம்மாம் நேரம் ஆச்சுன்னு இதுல எழுது. டீ குடிக்கிற நேரத்தை எழுதாத, மத்ததெல்லாம் எழுது."

பம்பரைக் கழற்ற இரண்டு மணி நேரம். அதுவரை எனக்கு வருத்தமில்லை. பம்பருக்குப் பின்னால் சேஸின் வால் முனையில் பக்கத்துக்கு இரண்டு போல்ட்டு. மூன்று சுலபமாக வந்துவிட்டன. நாலாவது சுற்றியது, ஆனால் வெளியே வரவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

அதை நாங்கள் உள்நட்டு என்போம். கம்பெனியிலேயே சேஸ் பெட்டிக்குள் வெல்டு வைத்து விட்டிருக்கிற நட்டு. ஜீப்பைக் கடற்கரை மணலில் நிறைய ஓட்டியிருக்கிறார். துருவேறி வெல்டு விட்டுப்போய், போல்ட்டோடு சேர்ந்து நட்டும் உள்ளேயே சுற்றுகிறது. உள்ளே ஸ்பானர் போகாது, கையும் போகாது. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். ஸ்க்ரூடிரைவரை நெம்பிக் கொடுத்துக்கொண்டே சுற்றினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஸ்திரி வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, 8 மில்லிக் கம்பியை நுனியில் தட்டையாக அடித்து, கொக்கி மாதிரி வளைத்துக் கொடுத்தார். சேஸின் வால் ஓட்டை வழியாக அதை விட்டு, நட்டின் ஒரு முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்பானரைத் திருப்ப வேண்டும். மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ, எத்தனை தடவை வழுக்கியது என்று எண்ணவில்லை. சாயங்காலம் கடைசி நூல் கழன்றபோது முழங்கையில் இரண்டு இடத்தில் தோல் போயிருந்தது. நோட்டில் எழுதினேன்: 'உள்நட்டு, 5 மணி'. ஒரு போல்ட்டுக்கு.

மறுநாள் கற்றது நேர்மாறான வித்தை. புது போல்ட்டை சேஸ் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வர வைக்க வேண்டும். உள்ளே கை போகாதே, எப்படி? ஒரு விறைப்பான கம்பியின் நுனியை போல்ட்டின் நூலிலேயே ஸ்பிரிங் மாதிரி நாலு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டும். கம்பியின் மறுமுனையை முதலில் போல்ட்டு ஓட்டை வழியாக உள்ளே விட்டு வால் ஓட்டையில் வெளியே எடுத்து, அதில் சதுரத் தகட்டைக் கோர்த்து, போல்ட்டைத் திருகி, மெதுவாக இழுத்தால் தகடும் போல்ட்டும் உள்ளே தவழ்ந்து போய் ஓட்டையில் மூக்கை நீட்டும். ஏரியில் தூண்டில் போடுகிற பொறுமை வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கம்பி கழன்று போல்ட்டு உள்ளேயே விழுந்து கலகலக்கும். எனக்கு இரண்டு விழுந்தன. காந்தம் போட்டு எடுத்தோம்.

போல்ட்டின் தலையைப் படிக்கக் கற்றதும் அன்றைக்குத்தான். 8.8 என்று பொறித்திருந்தால் முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும் என்பதற்கு. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எட்டு, அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது என்பதற்கு. ஐடிஐயில் இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியுமிருக்கிறேன். ஆனால் தலையில் எதுவுமே பொறிக்காத இரண்டு போல்ட்டை நான் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்த மேஸ்திரி, அவற்றை எடுத்துக் கதவுத் தாழ்ப்பாளுக்கான டப்பாவில் போட்டபோதுதான் புரிந்தது.

நடுவில் ஹூஸ்டன் சார் பெட்டியில் வைத்து அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இழுவைக் குண்டைக் கொடுத்தார். பளபளவென்று குரோம் பூச்சு. டிரெய்லரின் கவ்வியை அதன்மேல் உட்கார வைத்தால் நெம்புகோல் முழுசாக இறங்கவில்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தோம். அமெரிக்கக் குண்டு இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். டிரெய்லர் கவ்வி 50 மில்லிக்குச் செய்தது. "புள்ளி எட்டுதானே, கிரைண்டர்ல தேச்சுடலாமா?" என்று கேட்டேன். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. ஒயரிங் அண்ணன்தான் சொன்னார்: "டேய், வேகத்தடையில கவ்வி எகிறிச்சுன்னா பின்னால வர்றவன் தலையில ஏறும்." ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போய் 50 மில்லிக் குண்டு, சாக்கெட்டு, கதவோரத் தகட்டுக்குப் பிளாஸ்டிக் கிளிப்பு எல்லாம் வாங்கி வர மூன்று மணி நேரம். அதையும் எழுதினேன்.

ஒயரிங்தான் நான் மிகவும் குறைவாக எடைபோட்டிருந்த வேலை. ஏழு கம்பி, ஒரு சாக்கெட்டு, ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். இந்தக் காலத்து வண்டியின் பின்விளக்குக் கம்பியை வெட்டி டிரெய்லர் விளக்கை அதிலேயே தொங்கவிட முடியாது. ஒரு இண்டிகேட்டர் பல்பு 21 வாட், கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். பல்பு இரட்டிப்பானால் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பொறுக்காது. அதனால் பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்துத் தனியாக ஒரு கம்பியைப் பின்வரை இழுத்து, ஒரு மாட்யூல் வைக்க வேண்டும். பின்விளக்குக் கம்பி அதற்குச் சைகை மட்டும் காட்டும், கரண்டு பேட்டரியிலிருந்து போகும். கேட்க அழகாக இருக்கிறது. செய்ய வேண்டுமென்றால் சீட்டைத் தூக்கி, கார்பெட்டை மடித்து, கதவோரத் தகட்டை எல்லாம் கழற்ற வேண்டும். நான் உடைத்த கிளிப்புகள் ஆறு.

ஏழு கம்பிக்கும் நிறமுண்டு. மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், பழுப்பு வலது டெயில், கறுப்பு இடது டெயில், நீலம் பின்பக்க மூடுபனி விளக்கு. எர்த் வெள்ளை. வீட்டு ஒயரிங் பழகினவன் பச்சையைத்தான் எர்த்தில் கொடுப்பான். வண்டி ஒயரிங் பழகினவன் கறுப்பை. இரண்டு பேரும் இங்கே தோற்பார்கள். ஒயரிங் அண்ணன் எனக்கு மனப்பாடம் செய்ய வழியெல்லாம் சொல்லித்தரவில்லை. சாக்கெட்டைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பின்னாகத் தொட்டுச் சொல்லச் சொன்னார், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் திருமழிசை வரை ஓட்டிப்போய்த் திரும்பினோம். ஹூஸ்டன் சார் நாலாயிரம் கொடுத்துவிட்டு, மேலே இருநூறு எனக்கும் கொடுத்தார். அவர் போன பிறகு மேஸ்திரி நோட்டை விரித்தார். பம்பர் கழற்ற 2, உள்நட்டு 5, போல்ட்டு கோர்த்துக் கொக்கி மாட்ட 3, கார்பெட்டு, கதவோரம் கழற்றிக் கம்பி இழுக்க 4, மாட்யூலும் சாக்கெட்டும் 3½, சாமான் வாங்க 3, பம்பரைச் செதுக்கித் திருப்பி மாட்ட 2½, சோதித்து ஓட்டிப் பார்க்க 2. கூட்டினால் 25. நாலாயிரத்தை வகுத்தால் மணிக்கு 160.

"நம்ம பட்டறைக்கு மணிக்கு 350 வேணும்" என்றார். வாடகை, கரண்டு பில்லு, வெல்டிங் செட்டின் தேய்மானம், வேலையே வராத நாட்கள், எல்லாம் அதில் இருக்கிறதாம். 25 மணிக்கு 8,750. நான் 4,750 ரூபாயை அந்த ஜீப்போடு அனுப்பி வைத்திருக்கிறேன். அவர் திட்டவில்லை, கூலியில் பிடிக்கவுமில்லை. ஆனால் எனக்கு அப்போது உறைத்தது வேறு: பட்டறையின் ஒரு மணி நேரமும் என்னுடைய ஒரு நாளும் ஒரே விலை. அதைக் கேட்டே விட்டேன். "அதையும் தனியா பேசலாம்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து 450 ஆனது.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அந்த உள்நட்டின் ஐந்து மணி நேரம் யார் தலையில்? வண்டிக்காரர்தான் கடற்கரையில் ஓட்டினார், துரு அவருடையது, முழுசும் அவர்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பாதிதான் கேட்கலாம் என்பார் மேஸ்திரி. கீழே படுத்துப் பார்த்திருந்தால் துரு தெரிந்திருக்கும், பார்க்காமல் விலை சொன்னது நம்ம பாதி என்பார். ஆவடி டேங்க் ஃபாக்டரியில் இருந்து ரிடையரான என் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர்கள் காலத்தில் பீஸ் ஒர்க் முறையாம். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிஷம் என்று முன்கூட்டியே தீர்மானித்து அட்டையில் எழுதி வந்துவிடுமாம். "துருப்பிடிச்ச போல்ட்டுக்கு எத்தனை நிமிஷம் சித்தப்பா?" என்றேன். "டேய், எங்களுக்கு வர்றதெல்லாம் புது போல்ட்டுடா" என்றார்.

கதை அத்தோடு முடியவில்லை. நவம்பர் மழையில் ஹூஸ்டன் சார் திரும்பி வந்தார். "பிரேக் மிதிச்சா டிரெய்லர்ல இண்டிகேட்டர் கண்ணடிக்குதுப்பா." டெஸ்ட் லைட்டை வைத்ததுமே ஒயரிங் அண்ணன் என்னைப் பார்த்தார். வெள்ளைக் கம்பி. எர்த் லக்கை கிரிம்ப் செய்து, பெயின்ட்டைச் சுரண்டாமலேயே சேஸில் முடுக்கியிருந்தேன். மேலே ஸ்லீவ் போடாமல் வெறும் இன்சுலேஷன் டேப். தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தது. எர்த் கிடைக்காத பிரேக் கரண்டு, வீடு திரும்ப வழி தேடி, பக்கத்து இண்டிகேட்டர் பல்பு வழியாக நுழைந்து போகிறது. அதுதான் அந்தக் கண்ணடிப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக், ஸ்லீவ், மேலே கிரீஸ். ஒன்றரை மணி நேரம். ரிட்டர்ன் வேலைக்குக் கூலி கிடையாது. மேஸ்திரி சொன்ன 350-க்குள் இந்த ஒன்றரை மணியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, என் நாலாயிரத்தில்தான் இல்லை. பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, 25-ஐ அடித்துவிட்டு 26½ என்று எழுதினேன்.

ஹூஸ்டன் சார் கிளம்பும்போது, வானகரத்தில் அவருடைய நண்பர் ஒருவர் பழைய பொலேரோவுக்கு இதே மாதிரி மாட்ட வேண்டும் என்கிறார், லேபர் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். மேஸ்திரி உள்ளே கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க சார். அடியில படுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

"சும்மா ஒரு தோராயமா?"

"தோராயம் வேணாம் சார்."

மறுநாளே பொலேரோ வந்தது. அட்டையை விரித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கீழே போனேன். இடப்பக்கம் இரண்டு உள்நட்டு, இரண்டும் சிவந்திருந்தன.